முதல் காட்சியில் வாய் திறக்கக் கூடாது

என் மகள் பெயர் தோரில். அவள் கதாநாயகியாக நடித்த முதல் படத்தின் முதல் காட்சியை எங்கள் ஊரிலேயே போட்டார்கள். அதற்கு என்னை அழைத்தபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். படத்தில் வரும் எந்தக் காரைப் பற்றியும் நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

"மூச்சு விடக் கூடாது, அப்பா. மறுநாள் காலைக் காப்பி குடிச்சு முடிக்கிற வரைக்கும்."

"குடிச்சு முடிச்சதுக்கு அப்புறம்?"

"பாத்தியா! இப்பவே உனக்கு நாக்கு துடிக்குது."

துடிக்கத்தான் செய்தது, நான் மறுக்கவில்லை. என் பெயர் ஆர்வே. ஹாமார் என்கிற ஏரிக்கரை ஊரில் குளியலறைக்கும் சமையலறைக்கும் ஓடு விற்கிறேன். அது வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி நான் வியாழக்கிழமை மாலைக்காக உயிர் வாழ்கிறவன்.

வியாழக்கிழமை மாலை நாங்கள் மூன்று பேர் ஒட்வார் வீட்டு நிலவறையில் கூடுவோம். ஒட்வார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். மாக்னா பல் டாக்டர், அவள் கையைப் பார்த்தால் ஊரே நடுங்கும். மூன்றாவது ஆள் நான். பழைய படம் ஒன்றைப் போட்டுவிட்டு, அதில் வரும் கார்களுக்குப் பெயர் சொல்வதுதான் எங்கள் வேலை. திரை ஓரத்தில் ஒரு சக்கரம் தலைகாட்டினால் போதும். யார் முதலில் மேசையைத் தட்டி கம்பெனி, மாடல், வருஷம் மூன்றையும் சொல்கிறாரோ அந்தக் கார் அவருடையது. உடனே படத்தை நிறுத்துவோம், பின்னால் ஓட்டுவோம், விளக்கு வளையத்தைப் பார்ப்போம், சண்டை போடுவோம். பிறகு அதை இணையத்தில் ஏற்றுவோம். அங்கே லியோனிலும் ராட்டர்டாமிலும் எங்களைப் போலவே வேலை வெட்டி இல்லாத மகான்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வந்து, "அது '53 இல்லை, '54" என்று எங்கள் தூக்கத்தைக் கெடுப்பார்கள். எவ்வளவு சந்தோஷமான வாழ்க்கை!

ஒரு படம் முடிய நாலு மணி நேரம் ஆகும். கதை மட்டும் எங்களுக்குத் தெரியாது. ஒருமுறை என் மனைவி குட்ருன் என்னை அழைத்துப்போக வந்தவள் கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டு, "அப்ப அந்தப் பொண்ணைக் கொன்னது யாரு?" என்று கேட்டாள். "எந்தப் பொண்ணு?" என்றோம் மூன்று பேரும்.

இது வேடிக்கையாகத்தான் இருந்தது, தோரில் நடிக்கப் போகும்வரை. அவளுக்கு முதன்முதலில் கிடைத்தது ஒரு தொலைக்காட்சித் தொடரில் சின்ன வேஷம். ஒளிபரப்பான அன்று ராத்திரிச் சாப்பாடு முடிவதற்குள் போன் செய்தாள்.

"அப்பா, பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன்! அந்த டாக்சி இருக்கே, மெர்சிடிஸ் 180. அருமையான வண்டி. ஆனா பம்பர் மட்டும் வேற ஏதோ வண்டியோடது. யாரும்மா இந்த வேலையைப் பாத்தது?"

நான் பேச்சை வளர்க்கத் தெரியாமல் வளர்த்தேன்.

"ஆமா, அதுல நீ எங்க வந்தே?"

அந்த டாக்சியின் கதவைத் திறந்து இறங்கி, அதன்மேலேயே சாய்ந்துகொண்டு அழுத பெண் அவள்தான். இதைக் குட்ருன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதன்பிறகு தோரில் தன் வேலையைப் பற்றி அம்மாவிடம் மட்டும்தான் பேசினாள். என்னிடம் பேசியதெல்லாம், "ஏரி உறைஞ்சிடுச்சா, அப்பா?" "உறைஞ்சிடுச்சு." "சரி, அம்மாகிட்ட குடு." இப்படியே ரெண்டு குளிர்காலம் போனது. எனக்கு அது நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது. ஆனால் எங்கே ஆரம்பித்து மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்கப்போய், நடுவில் அந்த பம்பரைப் பற்றி மறுபடியும் ஏதாவது உளறிவிடுவேனோ என்று பயம் வேறு.

அதனால் இந்த அழைப்பு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. குட்ருன்தான் தரையில் இறக்கினாள்.

"ஆர்வே, இங்க பாரு. இந்தத் தடவையும் சொதப்பினே, அவ்வளவுதான். இனிமே உன்கிட்ட ஏரி உறைஞ்சுச்சான்னுகூடக் கேக்க மாட்டா."

"வாயே திறக்க மாட்டேன்."

"வாயை மட்டும் இல்ல, தொடையைத் தட்டக் கூடாது. 'ச்சு' கொட்டக் கூடாது. எழுந்து நிக்கக் கூடாது."

"நான் எப்ப எழுந்து நின்னேன்?"

"உன் தங்கச்சி கல்யாண வீடியோல பின்னாடி ஒரு பழைய லாரி போச்சுன்னு எழுந்து நின்னு கை தட்டினியே, மறந்துபோச்சா?"

லாரி இல்லை, அது தீயணைப்பு வண்டி. சொல்லவில்லை. அப்போதே பயிற்சியை ஆரம்பித்துவிட்டேன்.

தோரில் என் கூட்டாளிகள் இருவருக்கும் சேர்த்தே சீட்டு அனுப்பியிருந்தாள். "அவங்களை விட்டுட்டு வந்தா வியாழக்கிழமை உக்காந்து என் படத்தைத் துண்டு துண்டா வெட்டுவீங்க. ஒரேயடியா எல்லாரும் வந்து, வாயை மூடிக்கிட்டுப் பாருங்க" என்றாள். நியாயம்தான். நான் ஒட்வாரிடமும் மாக்னாவிடமும் கெஞ்சினேன்.

"1956-ல நடக்கிற கதையாம். குளிர்காலம். நம்ம பக்கத்துப் பண்ணைகள்லதான் எடுத்திருக்காங்க."

ஒட்வார் முகம் வெளிறியது. "ஐம்பத்தாறா? யோவ், அப்ப தெரு முழுக்க வண்டி இருக்குமேய்யா. தும்மல் வந்தா தும்மாதேங்கிற மாதிரி இருக்கு நீ சொல்றது."

"என் பொண்ணுக்காகடா."

"உன் பொண்ணுக்காகத்தான் யோசிக்கிறேன். இல்லேன்னா வரவே மாட்டேன்."

முதல் காட்சி அன்று மாலை திரையரங்கு வாசலில் மாக்னா கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். நல்ல கெட்டியான பால் மிட்டாய், கடித்தால் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் ஒட்டிவிடும் ரகம்.

"ஆளுக்கு நாலு. விளக்கு அணைஞ்சதும் வாயில போட்டுக்கோங்க."

"பல் டாக்டரே மிட்டாய் குடுக்கறியே, மாக்னா!"

"பல்லு விழுந்தா நான் கட்டித் தர்றேன். உறவு விழுந்தா யாரு கட்டுவா? போடு வாயில."

உள்ளே ஊரே உட்கார்ந்திருந்தது. மேயர், பத்திரிகைக்காரர்கள், படம் எடுக்கப் பண்ணையைக் கொடுத்தவர்கள், அந்தப் பண்ணையின் மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த அவர்களுடைய உறவுக்காரர்கள். குட்ருன் என் வலப்பக்கம், ஒட்வார் இடப்பக்கம், அவனுக்கு அடுத்து மாக்னா. தோரில் எங்களுக்கு முன்னால், இயக்குநர் பக்கத்தில். உட்காரும் முன் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் மிட்டாய் நிறைந்த வாயோடு தலையை ஆட்டினேன்.

விளக்கு அணைந்தது. முதல் காட்சியே கடைத்தெரு!

ஐயோ, அந்தத் தெரு! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பேக்கரி வாசலில் ஒரு பொபேதா, டாக்சியாக. அதற்குப் பின்னால் மாஸ்க்விச், ரெண்டும் ரஷ்ய வண்டி. அந்தக் காலத்தில் எங்கள் நாட்டில் கார் வாங்க அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். ரஷ்யக் காருக்கு மட்டும் வேண்டாம், அதெல்லாம் அரசாங்கம் பண்டமாற்றாக மீனைக் கொடுத்து வாங்கியது என்பார்கள். அதனால் சாதாரண ஊரில் சாதாரண ஆள் வைத்திருந்தால் அது ரஷ்யக் கார்தான். தெரியாதவன் படம் எடுத்தால் தெரு முழுக்கப் பளபளவென்று கப்பல் கப்பலான அமெரிக்கக் கார்களாக நிறுத்திவைப்பான். இதை அலங்கரித்தவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. நம்பர் பலகையில் எங்கள் மாவட்டத்து D எழுத்துகூடச் சரி. மூலையில் ஓர் ஓப்பல், டாக்டருடையதாக இருக்கும். என் கை தானாகவே எழுந்தது. குட்ருன் அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒட்வார் மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினான். மாக்னா மிட்டாயைக் கடக்கென்று கடித்தது எனக்கே கேட்டது. நாங்கள் மூவரும் இருட்டில் சிரிப்பை அடக்கிக்கொண்டு குலுங்கினோம். முன் வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

அப்புறம் தோரில் வந்தாள்.

அவள் அந்த வட்டாரத்துக்குப் புதிதாக வந்த மருத்துவச்சி. பனி கொட்டுகிறது. அவள் முகம் நேராக எங்களைப் பார்த்து வருகிறது. குளிரில் மூக்கு நுனி சிவந்திருக்கிறது, தனக்குத்தானே ஏதோ பாடிக்கொள்கிறாள், சுருதி சேரவில்லை. என் அம்மாவுக்கும் சுருதி சேராது. எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இந்தப் பாட்டை யார் கொடுத்தது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஒட்வார் என் முழங்கையைக் கிள்ளினான். அவனுக்கும் பாட்டுப் பிடித்துவிட்டது போல என்று நினைத்தேன்.

முதல் பண்ணையில் அவளை யாரும் மதிக்கவில்லை. பிள்ளை பெறப் போகிறவளின் மாமியார், "நீயே இன்னும் குழந்தை மாதிரி இருக்கே" என்றாள். அந்தக் கிழவியை எழுந்து அறையலாம் போலிருந்தது. தோரில் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தாள், சட்டைக் கையை மடித்தாள், உள்ளே போனாள். குழந்தை பிறந்தது, ஆனால் அழவில்லை. தோரில் அதைத் தலைகீழாகப் பிடித்தாள், தேய்த்தாள், ஊதினாள். அவளுடைய இடது காது சிவக்க ஆரம்பித்தது. பயந்தால் அவளுக்கு அப்படித்தான். இதை எந்த இயக்குநரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. அழு, அழுதுதொலை, என் பொண்ணு மானத்தைக் காப்பாத்து என்று அந்தக் குழந்தையிடம் மனசுக்குள் மன்றாடினேன். அழுதது! நான் "அப்பாடா" என்று சொல்லப்போய் மிட்டாயில் பல் ஒட்டி "ம்ப்பா" என்று வந்தது. குட்ருன் என்னை முறைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, முறைப்பதை நிறுத்தினாள்.

மறுபடியும் பனி, மறுபடியும் நேராக வரும் அவள் முகம். இம்முறை சிரித்துக்கொண்டே அழுகிறாள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. ஒட்வார் இப்போது என் காலை மிதித்தான். அவன் பக்கத்தில் மாக்னா கைக்குட்டையை வாயில் திணித்திருந்தாள். பாவம், வெளியே முரடாக இருந்தாலும் இவர்களுக்கும் இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். ஒட்வார் கையைத் தட்டிக்கொடுத்தேன். அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

படம் முடியும்வரை நான் அசையவில்லை. இடையில் ஒரு தாய் இறந்துபோனாள். தோரில் அந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடிக்க முடியாமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது. வசந்தம் வந்தது, ஏரியில் பனி உடைந்தது, அவள் போய்க்கொண்டே இருந்தாள். விளக்குப் போட்டார்கள். ஊரே எழுந்து கை தட்டியது. நான் மட்டும் எழவில்லை, வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்கூடத்துக்கு வந்ததும் மாக்னா கைக்குட்டையை வாயிலிருந்து பிடுங்கினாள்.

"பாத்தியா!"

"பாத்தேன். என்னமா நடிச்சுட்டா!"

"யாரு?"

"யாரா? என் பொண்ணு!"

"அட, அதைச் சொல்லலைப்பா! முன்கண்ணாடி! முன்கண்ணாடியைப் பாத்தியா இல்லையா?"

ஒட்வார் குறுக்கே புகுந்தான். "நான் கிள்ளினேன், மிதிச்சேன், ஆளு கல்லு மாதிரி உக்காந்திருக்கான். ஆர்வே, உனக்கு ஒரு கோயிலே கட்டலாம்யா. என்ன கட்டுப்பாடு! நான் உன் இடத்துல இருந்திருந்தா மேயர் மடியில விழுந்து கத்தியிருப்பேன்."

"எதுக்குக் கத்தணும்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாக்னா குரலைத் தாழ்த்தி, சாவு சேதி சொல்வதுபோலச் சொன்னாள்.

"வோல்வோ 544. ஐம்பத்தாறாம் வருஷத்துல! முன்கண்ணாடி ஒரே துண்டு. நடுவுல கோடு இல்லை. அந்த வருஷம் 444 தானே இருக்கணும், ரெண்டு துண்டுக் கண்ணாடி, நடுவுல கம்பி. 544 வெளிய வந்ததே ஐம்பத்தெட்டுல. இன்னும் பிறக்காத கார்ல ஏறித்தான் உன் பொண்ணு பிரசவம் பாக்கப் போறா!"

"எந்தக் காட்சியில?"

"எந்தக் காட்சியிலயா?" ஒட்வாருக்குக் குரல் உடைந்தது. "படம் முழுக்கய்யா! அவ ஓட்டிக்கிட்டே இருக்காளே! அந்தக் கார்தானே ரெண்டாவது கதாநாயகன்!"

நான் யோசித்துப் பார்த்தேன். அவள் முகம் வந்தது, பனி வந்தது, அந்த அபஸ்வரப் பாட்டு வந்தது. அவள் நடந்து வரவில்லை என்பது உண்மைதான். எதிலோ உட்கார்ந்துதான் வந்திருக்க வேண்டும். அது எது என்று எவ்வளவு துழாவினாலும் கிடைக்கவில்லை. உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதா? இந்த ஊரில் தூரத்தில் ஒரு வண்டி இருமினாலும் எந்த இன்ஜின் என்று சொல்கிற ஆள் நான்.

அதற்குள் தோரில் வந்துவிட்டாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு, பூங்கொத்தோடு, பல் பிடுங்க உட்கார்கிறவள் முகத்தோடு நேராக என்னிடம்.

"சரி, சொல்லு."

"காலைக் காப்பி வரைக்கும்னு நீதானே..."

"என்னால காலை வரைக்கும் தாங்க முடியாது. இப்பவே சொல்லிடு. கார் தப்பு, தெரியும். நான் இயக்குநர்கிட்ட சண்டை போட்டேன், அப்பா. 444 தான் வேணும், எங்கப்பா வருவாரு, மானம் போயிடும்னு காலைப் பிடிக்காத குறை. நடுக்கம்பி உன் முகத்தை ரெண்டா வெட்டுதுன்னுட்டாங்க கேமராக்காரம்மா. அவங்களை ஜெயிக்க முடியலை. சொல்லு. ஒரே மூச்சுல சொல்லி முடிச்சிடு."

"எனக்குச் சொல்ல ஒண்ணுமே இல்லையேம்மா."

"நடிக்காதே. இந்த வீட்டுல நடிக்கிறது நான் ஒருத்திதான்."

"சத்தியமா. நான் காரைப் பாக்கலை."

அவள் கண்ணைச் சுருக்கினாள். என் மேல் அவளுக்கு எவ்வளவு நம்பிக்கை இல்லை என்பது அப்போது தெரிந்தது, வலித்தது.

"என்ன கலர்?"

"ம்... கறுப்பு?"

மாக்னா முனகினாள். "வெளிர் சாம்பல்."

"எத்தனை கதவு?"

அந்த மாடலுக்கு ரெண்டு கதவுக்கு மேல் எப்போதும் கிடையாது. குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு எதுவுமே தெரியவில்லை.

"நாலு?"

ஒட்வார் சுவரைப் பிடித்துக்கொண்டான். "யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கப்பா. இவன் போயிட்டான்."

தோரில் பூங்கொத்தை அம்மா கையில் கொடுத்தாள். குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

"ரெண்டு மணி நேரம் அப்ப என்னத்தைப் பாத்தே?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். கையுறையைப் பல்லால் இழுத்ததை, மாமியார் பேசியபோது கன்னத்துக்குள்ளே நாக்கைத் துருத்தியதை, இடது காது சிவந்ததை, சமையலறையில் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கட்டைவிரல் மட்டும் அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்ததை. எந்தக் காட்சிக்கு அடுத்து எது என்று வரிசை பிசகாமல் சொன்னேன். நிறுத்தத் தெரியவில்லை. "அந்தக் குழந்தை அழாம இருந்துச்சே, அப்ப நீ ஒரு தடவை கதவைப் பாத்தே, யாராவது வரமாட்டாங்களான்னு. அங்க வந்து நிக்க முடியலையேன்னு இருந்துச்சு எனக்கு" என்றேன்.

தோரிலின் இடது காது சிவந்திருந்தது.

"காரை நான் மறைச்சுட்டேனா?" என்றாள் மெதுவாக.

"மறைச்சியாவது! ஒரு போல்ட்டுகூடத் தெரியலைம்மா."

அவள் சிரித்தாள், கண்மை கன்னத்தில் இறங்கியது, அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என் தோளுக்கு மேலாகக் கூட்டத்தில் இயக்குநரைத் தேடினாள். இயக்குநர் அம்மா அங்கே மேயரோடு புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருந்தார். தோரில் கையை உயர்த்தி, மேடையில் பேசுகிற குரலில், முன்கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"எங்கப்பா காரைப் பாக்கவே இல்லை! படம் முழுக்க! ஒரு தடவைகூடப் பாக்கலை!"

ஊரார் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். இதில் கத்துவதற்கு என்ன இருக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. மேயர் மரியாதைக்குக் கை தட்டினார். குட்ருன் பூங்கொத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.